அப்பாவின் பெல்ட் வழியாக

அம்மாவின் இதயத் துடிப்புக் கோடு கணினித் திரையிலிருந்து காணாமல் போனதும் மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதயம் நின்றால் கோடு தட்டையாக வரும். இங்கே கோடே இல்லை, அதாவது சேதிதான் வரவில்லை. அது புத்திக்குத் தெரிந்தது. மனசு கேட்டால்தானே!

இப்படி உடம்பில் மாட்டும் கருவிகளை உருவாக்குவதுதான் அவள் வேலை. நெஞ்சில் ஒட்டிய சிறிய வட்ட வில்லை துடிப்பைப் படித்து இடுப்பு பெல்ட்டுக்குச் சொல்லும். பெல்ட் அதை வீட்டிலிருக்கும் பெட்டி வழியாக அலுவலகத்துக்கு அனுப்பும். வில்லையின் பேட்டரி பொட்டளவுதான். அதனால், பக்கத்தில் எந்த பெல்ட்டில் சார்ஜ் அதிகமோ அதனிடம் சேதியைக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடு என்று அவள்தான் விதி எழுதியிருந்தாள். மாரடைப்பிலிருந்து மீண்ட அம்மாவுக்கு ஒரு செட், ஒப்பிட்டுப் பார்க்க அப்பாவுக்கு ஒரு செட்.

போன் அடித்தாள். அம்மா எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். ம்ஹூம். பையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்திலிருந்து ஓடினாள்.

பஸ்ஸில் இடமிருந்தும் உட்கார முடியவில்லை. நின்றபடியே செல்போனில் சேதி வந்த பாதையைப் பார்த்தாள். அடி முட்டாளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அம்மா தன் பெல்ட்டைச் சார்ஜ் போட்டே பல நாளாகிறது. இத்தனை நாளும் அம்மாவின் துடிப்பு அப்பாவின் பெல்ட் வழியாகத்தான் வந்திருக்கிறது. யாருடைய பெல்ட் என்று கேட்க அவளுடைய விதி மறந்துவிட்டது.

அதிலும் பாருங்கள், முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர்! ஸ்டூல் மேலேறி ஃபேன் துடைத்த அம்மாவைப் பார்த்து அப்பா கத்த, “என்னை நோயாளியாக்காதீங்க” என்று அம்மா திருப்பிக் கத்த, ஒரு வாரமாக வீடே உர்ரென்று கிடந்தது. தன் அண்ணன் வீட்டுக்குப் போகப்போவதாக அப்பா இன்று காலையில் மகளிடம் மிரட்டியிருந்தார்.

அப்பாவுக்கு அடித்தாள்.

“எங்கப்பா இருக்கீங்க?”

“பஸ் ஸ்டாண்டுல. ஏன்?”

“அம்மா போன் எடுக்கல. துடிப்பும் வரல. உங்க பெல்ட் பக்கத்துல இருந்தாத்தான் வரும்.”

அதற்குள் அப்பா போனை வைத்துவிட்டிருந்தார்.

அவள் இறங்குவதற்குச் சற்று முன் கோடு திரும்பி வந்தது. சீரான துடிப்பு. பஸ் என்றும் பாராமல் அழுதுவிட்டாள்.

படியேறிப் போனால், அப்பா வீட்டுக்குள் இல்லை. அம்மாவின் கட்டிலை ஒட்டிய சுவருக்கு வெளிப்பக்கம், வராந்தாத் தரையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

“ஜன்னல் வழியா பாத்தேன், தூங்குறா. உனக்கு வந்துச்சா?”

“வந்துருச்சுப்பா. உள்ள வாங்க.”

“கூப்பிடாத வீட்டுக்குள்ள நான் எதுக்கு வரணும்? அவ பெல்ட்ட சார்ஜ் போடு. ஆனதும் சொல்லு, அடுத்த பஸ்ஸப் புடிக்கணும்.”

உள்ளே அம்மா விழித்திருந்தாள். போன் சமையலறையில் கிடந்தது.

“வெளிய இருமுறது உங்கப்பாதான?”

பெல்ட்டைச் சார்ஜில் போட்டுவிட்டு மகள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

சார்ஜ் ஏறியதும் மகள் பெல்ட்டை அம்மாவின் இடுப்பில் மாட்டினாள். கோடு இப்போது அம்மாவின் பெல்ட் வழியாகவே வந்தது. வெளியிலிருந்து குரல் கேட்டது.

“ஏம்மா, சார்ஜ் ஆயிடுச்சா?”

மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு, ஒரு வாரமாகப் பேசாத புருஷனுக்குக் கேட்கும்படி, சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

“இன்னும் ஆகல! பழைய பேட்டரியாம், ரொம்ப நாள் எடுக்குமாம்!”