அத்தாயி வீட்டு வழி

அத்தாயி அவனை வேண்டாம் என்று சொன்ன மறுநாள் காலையில், அப்பாசாமியின் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்குப் போகும் வழி அவனுக்கு மட்டும் நீண்டுவிட்டது. அது 1934ஆம் வருஷம் தை மாதம். மலைமேல் வாழவந்தி நாட்டில் அவனுடைய பாறைமேடும் அவளுடைய நெல்லுக்குழியும் எதிரெதிர்ச் சரிவில் இருந்த சிற்றூர்கள். நடுவில் படிப்படியாக இறங்கும் வயல், ஒரு ஓடை, மறுபடி ஏறும் வயல், அவ்வளவுதான். அடுப்பில் சாமை உலையை வைத்துவிட்டுப் போகிற பெண்பிள்ளை அது பொங்குவதற்குள் திரும்பிவிடுவாள். அப்பாசாமி விடிந்ததும் கிளம்பிப் பொழுது இறங்கும்வரை நடந்தும் ஓடையைத் தொடவில்லை. வழி ஒன்றும் தப்பவில்லை. அதே வரப்பு, அதே வயல், அதே நாணல்தான். எல்லாம் அதிகமாக இருந்தன. பசி தாங்காமல் திரும்பியவன், திரும்பிய மாத்திரத்தில் தன் வீட்டு வாசலில் நின்றான். வருகிற வழி நீளவில்லை.

அவனுக்குப் பதினேழு வயது, அவளுக்குப் பதினாறு. பாறைமேட்டுக்காரர்களான மாணிக்கம், ருக்குமணி என்று இன்னும் இரண்டு பேர் அவர்களோடு உண்டு. முள்ளுக்குறிச்சிச் சந்தைக்கு வாரந்தோறும் மிளகும் வாழைத்தாரும் தலைச்சுமையாக இறக்குவது இந்த நாலு பேரின் வேலை. இறங்கும்போது சுமை பேச விடாது. ஏறும்போது உப்பும் கருவாடும்தான் என்பதால் மலை முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சில்தான் அப்பாசாமிக்கு அத்தாயி என்றும் மாணிக்கத்துக்கு ருக்குமணி என்றும் ஆகியிருந்தது. முறையும் சரியாக இருந்ததால் பெரியவர்கள் காணாதமாதிரி இருந்தார்கள். அப்படி இருக்கும்போது ஒரு சந்தை நாளில், பாதி மலையில் சுமையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குகையில், அத்தாயி அதைச் சொன்னாள்.

"எனக்கு உம்மேல முன்ன மாதிரி இல்ல அப்பாசாமி. ஏன்னு கேட்டா எனக்கே தெரியல. பொய்யாச் சிரிச்சுக்கிட்டு வர முடியல."

"நான் என்ன புள்ள பண்ணுனேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. அதனாலதான் சொல்றதுக்குக் கஷ்டமா இருக்குது."

வழி நீண்ட சேதியை முதலில் யாரும் நம்பவில்லை. மாணிக்கம் அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். ஓடையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் அப்பாசாமி முதல் வயலிலேயே கையை வீசி நடந்துகொண்டிருந்தான். பிறகு ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி வந்தார். அவனை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் நடந்தார். கொஞ்ச நேரத்தில் அவனைக் கடந்து போய், எதிர்ச்சரிவில் வெற்றிலை போட்டு முடித்து, அதே வரப்பில் திரும்பி வந்து அவனை மறுபடி கடந்தார். வரப்பில் குறை ஒன்றும் இல்லை, மராமத்து தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு விசாரணை முடிந்தது. அத்தாயிக்கு அந்த வழி பழையபடியே இருந்தது. ஒருநாள் வாங்கிப்போன முறத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அப்பாசாமியின் அம்மாவிடம் கொடுத்து, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி முடிப்பதற்குள் போய்விட்டாள். வழி நீண்டதைவிட இதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

மாசி பிறந்தபோது இன்னொன்று நடந்தது. ருக்குமணி சாமை குத்திக்கொண்டே மாணிக்கத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன் அரைகுறையாக உம் கொட்டிக்கொண்டு நின்றுவிட்டு, "வாரேன்" என்று வாசலைத் தாண்டிக் காலை வைத்தான். வைத்த கால் நெல்லுக்குழியில், அத்தாயி வீட்டு வாசலில் இறங்கியது. நடுவில் வயலும் இல்லை, ஓடையும் இல்லை. உலக்கையைப் பிடித்தபடி ருக்குமணி எதிர்ச்சரிவைப் பார்த்தாள். சாணி தெளித்துக்கொண்டிருந்த அத்தாயி நிமிர்ந்து சிரிப்பது அங்கிருந்தே தெரிந்தது. அவளுக்கு யாரும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ருக்குமணியின் வீடும் மாணிக்கத்தின் வீடும் ஒரே கிளுவை வேலிக்கு இரண்டு பக்கம். அதற்குப் பிறகு அவள் பக்கத்து வீட்டுக்கு நெருப்பு வாங்கக் காலையில் போனால் உச்சிப்பொழுதில்தான் போய்ச் சேர முடிந்தது. அவள் அம்மா நெருப்புக்கு வேறு வீடு பார்த்துக்கொண்டாள். ருக்குமணியும் அத்தாயியும் ஒருத்திக்கு ஒருத்தி தலை பின்னிவிடுகிற சிநேகிதிகள். ஊற்றங்கரையில் இரண்டு பேரும் எதிர்ப்பட்ட அன்று, "உன்ற நிழலு பட்ட தண்ணிகூட எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ருக்குமணி காலிக்குடத்தோடு திரும்பினாள். மறுநாள் இன்னும் நாலு வார்த்தை திட்டலாம் என்று கிளம்பியபோது, அத்தாயி வீட்டு வழி அவளுக்கும் நீண்டிருந்தது. அப்பாசாமியும் அவளும் ஒரே நேரத்தில் வரப்பில் இறங்கினார்கள். சற்று நேரத்தில் அவள் அவனுக்குப் பின்னால் புள்ளியாகத் தேய்ந்து போனாள். அவளுடையது அவனுடையதைவிட நீளம்.

கைவிடப்பட்ட இரண்டு பேரும் அந்தப் பங்குனியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் தாங்கள் இருவரும் சேர்ந்துவிடுவது, அதை மற்ற இருவரும் பார்த்து வயிறெரிய வேண்டும் என்பது. சந்தைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவன் அவளுக்கு வளையல் வாங்கிக் கொடுத்தான். அவள் அதை எல்லோருக்கும் கேட்கும்படி ஆட்டினாள். ஆனால் அவர்கள் இரண்டு வீட்டுக்கும் இடையிலான வழி ஒரு சாண்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஊர் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. சித்திரையில் அவர்களே வெட்கப்பட்டு விட்டுவிட்டார்கள். வளையலை அவள் திருப்பிக் கொடுத்தபோது, "நீயே போட்டுக்க புள்ள, நல்லாத்தான் இருக்குது" என்றான். அந்த வருஷத்தில் அவன் மனசாரச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று ருக்குமணி பின்னாளில் சொல்வாள்.

ஆடியில் இரண்டு ஊரும் அறப்பளீஸ்வரர் கோயில் திருவிழாவுக்குப் போயின. மாணிக்கம் கவுண்டரின் மிளகு மூட்டையோடு மலை இறங்கியிருந்தான். மாடு பார்க்க அப்பாசாமி தங்கினான். யாரோடும் சேர்ந்து நடக்க விருப்பமில்லாமல் ருக்குமணி தங்கினாள். நெல்லுக்குழியில் அத்தாயிக்கு மலைக்காய்ச்சல். அவள் அம்மா சென்னம்மாள் மட்டும் கூட இருந்தாள். வெயில் ஏறும் நேரத்தில் சென்னம்மாளின் குரல் பள்ளத்தைத் தாண்டி வந்தது. குரலுக்கு வழி நீளவில்லை.

"ஏ செங்கோடன் ஊடு! புள்ளைக்கு ஜன்னி கண்டுருச்சு! கொய்னா இருந்தாக் கொண்டாங்க சாமி! பாறைப் பக்கமா ஓடப் பாக்குறா, கையை உட்டுட்டு நான் வர முடியல!"

அப்பாசாமியின் அப்பா செங்கோடன் காய்ச்சலுக்கென்று ராசிபுரம் தபாலாபீசில் வாங்கிவந்த கொய்னாப் பொட்டலம் வீட்டில் இருந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு, மிச்சமிருந்த களியை இலையில் கட்டிக்கொண்டு அவன் இறங்கினான். கிளுவை வேலியோரம் ருக்குமணி நின்றிருந்தாள்.

"நானும் வாரேன்."

"உனக்கு என்னைவிட நீட்டு."

"தெரியும். நீ நட."

ஒருவரை ஒருவர் தவறவிடாமல் இருக்க அவன் துண்டின் இரண்டு முனையை இருவரும் பிடித்துக்கொண்டார்கள். முதல் வயலே முடியவில்லை. அந்த வழிக்கு முடிவு உண்டா என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது. அவன் எப்போதும் பாதியில் திரும்பியவன்தான். இந்த முறை திரும்ப முடியாது. அவன் மனசில் இன்னொன்றும் இருந்தது. மருந்தோடு தான் போய் நிற்பதையும், அவள் கண் திறந்து முதலில் தன்னைப் பார்ப்பதையும், அதன்பிறகு எல்லாம் பழையபடி ஆவதையும் வரப்பு வரப்பாக நினைத்துக்கொண்டு நடந்தான். களியைத் தின்று, வாய்க்காலில் தண்ணீர் குடித்து எழுந்தபோது ருக்குமணி சொன்னாள்.

"அவளுக்குக் காய்ச்சல்னு மொதல்ல கேட்டப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு அப்பாசாமி. செத்தாச் சாவட்டும்னு நெனச்சேன். அந்தம்மா கத்துனாங்க பாரு, அப்பத்தான் வேலியோரம் ஓடியாந்து நின்னேன். மாணிக்கம் போனா போறான். இவ இல்லாம நான் யார்கிட்டப் பேசுவேன்?"

சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே ஓர் எட்டு வைத்தாள். அப்பாசாமியின் கையிலிருந்த துண்டு வெடுக்கென்று இழுத்தது. பார்த்தால் அவள் துண்டின் நீளம் முழுவதும் முன்னால் இருந்தாள். அவன் ஓடிவந்து பக்கத்தில் நின்றான். அவள் இன்னோர் எட்டு வைக்கக் காலைத் தூக்கி, என்ன நடக்கிறதென்று புரிந்து, தூக்கிய காலை அப்படியே திரும்ப வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அவளுக்கு வழி குறைந்துவிட்டது அவனுக்கும் புரிந்தது. எதிரே ஓடை அவனுக்கு இன்னும் கண்ணுக்கெட்டாத தூரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அவன் இடுப்பிலிருந்த பொட்டலத்தைத் தொட்டுக்கொண்டு நின்றான். எதிர்ச்சரிவிலிருந்து சென்னம்மாள் மறுபடி கத்தினாள்.

"இந்தா, நீ போ புள்ள" என்று பொட்டலத்தை அவள் கையில் வைத்தான்.

"நீ?"

"நான் வாரேன். மெதுவா வாரேன்."

ருக்குமணி நாலு எட்டில் போய்ச் சேர்ந்தாள். இரண்டு பெண்களுமாக அத்தாயியைப் பிடித்து மருந்தைப் புகட்டினார்கள். சாயங்காலம் காய்ச்சல் விட்டு வேர்த்தது. அப்பாசாமி திரும்பியிருக்கலாம், திரும்பினால் அந்த நொடியே வீடு. மருந்து இல்லை, கையில் கொண்டுபோக ஒன்றுமில்லை, போனால் என்ன ஆகும் என்ற நினைப்பும் போய்விட்டது. இருந்தும் நடந்தான். மறுநாள் உச்சிப்பொழுதில் அத்தாயி வீட்டு வாசலில் ஏறினான். முட்டிவரை சேறு. அத்தாயி சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ருக்குமணி பின்னால் உட்கார்ந்து அவள் தலைச்சிக்கை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் வர்றியா?" என்றாள் அத்தாயி.

"ஆமா. ஒடம்பு எப்பிடி இருக்குது?"

"பரவால்ல. கஞ்சி குடிக்கிறியா?"

குடித்தான். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. பக்கத்து ஊர்க்காரன் ஒருவனைப் பார்ப்பதுபோலத்தான் அவள் அவனைப் பார்த்தாள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அது அவனுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது.

மாணிக்கத்தின் கதை வேறு விதமாக முடிந்தது. அடுத்த வருஷம் ஒருநாள் வழக்கம்போல வாசலைத் தாண்டிக் காலை வைத்தவன் ஓடைக்குள் இறங்கினான். நனைந்த வேட்டியோடு மீதி வழியை ஏறிப்போனான். தடுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னான். ஐப்பசியில் அவனும் எல்லோரையும் போல வரப்பில் நடக்க வேண்டியதாயிற்று. தையில் அவனும் அத்தாயியும் சண்டையில்லாமல் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். திருப்புலி நாட்டு அருணாசலத்துக்கு அவளைக் கொடுத்தார்கள். நெல்லுக்குழியில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு அப்பாசாமியும் மாணிக்கமும் கட்டுச்சோறோடு இரண்டு நாள் முன்னதாகச் சேர்ந்தே கிளம்பினார்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டு போனதாகவும், முன்பு சந்தைக்குப் போகையில் பேசியதைவிட அது நல்ல பேச்சு என்றும் மாணிக்கம் சொல்லியிருக்கிறான். ருக்குமணி கல்யாணத்தன்று காலையில்தான் போய்ப் பெண்ணுக்குப் பூ வைத்தாள்.

உலக யுத்தம் தொடங்கின வருஷம் அப்பாசாமி பக்கத்துச் சரிவிலிருந்து கண்ணாயியைக் கட்டினான். தாலி கட்டி, பந்தி முடிந்து, பாத்திரம் கழுவ எடுத்துப்போகும் நேரத்தில் ஒருவன் வாசலில் வந்து நின்றான். பேர் காளியண்ணன், கண்ணாயியின் ஊர்க்காரன்தான், கூப்பிடு தூரம். கால் வீங்கி வெடித்திருந்தது. நேற்று முன்தினமே கிளம்பியதாகவும் தாமதமாகிவிட்டதாகவும் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான். கண்ணாயி தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளைக் கோலத்திலேயே அப்பாசாமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் காலில் ஊற்றினான். இலை போடச் சொல்லி, நெல்லுச்சோற்றைத் தன் கையாலேயே வைத்தான்.

"பந்தி முடிஞ்சு போச்சுங்களா?" என்றான் காளியண்ணன்.

"இல்லீங்க. இப்பத்தான் ஆரம்பம். மெதுவாச் சாப்புடுங்க" என்று எதிரில் தானும் ஓர் இலை போட்டு உட்கார்ந்தான்.

அதன்பிறகு பாறைமேட்டிலும் நெல்லுக்குழியிலும் எந்தக் கல்யாணமானாலும், எல்லோரும் தின்று எழுந்த பின்னால் ஒரு பந்திக்குச் சோறு நிறுத்தி வைப்பது வழக்கமாகிவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் ஒருவரோ இருவரோ வருவார்கள். சில கல்யாணங்களில் பெண்பிள்ளைகளும் வருவதுண்டு. எந்த ஊர், எப்போது கிளம்பினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் காலுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள்.