சிவப்பு டேப் ஒட்டிய ஃப்ளாஷ்

உகாயை எனக்குப் பிடிக்காது. எங்கள் ஸ்டூடியோவில் அவன் சேர்ந்த முதல் நாளே என் பைக்குள் எட்டிப் பார்த்து, "தோகாவா-சான், இது கேமரா பையா, காயலான் கடையா?" என்று கேட்ட ஆள்.

ஜப்பானில், குராஷிகி நகரத்தில் இந்தத் தொடக்கப் பள்ளியின் படங்களை ஆறு வருஷமாக நான்தான் எடுக்கிறேன். கேமரா டிஜிட்டல்தான். அதில் மாட்டியிருப்பது கையால் திருப்பி ஃபோகஸ் செய்கிற பழைய லென்ஸ். ஃப்ளாஷ் அதைவிடக் கிழம். நன்றாக வேலை செய்வதை எதற்கு மாற்றவேண்டும்? முதலாளிக்கோ புதுசு மேல் மோகம். கடைசி வகுப்பான ஆறாம் வகுப்பின் விடைபெறும் படத்தை இரண்டு பேரும் எடுங்கள், ஏப்ரலில் தொடங்கும் புதுப் பள்ளி வருஷத்துக்கு யார் வேண்டும் என்று பள்ளியே சொல்லட்டும் என்றுவிட்டார். இந்தப் பள்ளியை அவனிடம் விட எனக்கு மனசே இல்லை.

உடற்பயிற்சிக் கூடத்தில் அறுபத்திரண்டு பிள்ளைகள் மூன்று வரிசையாக நின்றார்கள். முதல் முறை உகாயுடையது. வெளிச்சம் பார்க்கிறேன் என்று விடாமல் அடித்துத் தள்ளியதில் அவனுடைய புது ஃப்ளாஷ் சூடேறி நின்றுவிட்டது. திரும்பினான். ஸ்டாண்டில் என் ஃப்ளாஷ் இருந்தது.

அந்தக் காலத்து ஃப்ளாஷ்களின் அடிப்பகுதியில் அதிக வோல்ட் மின்சாரம் நிற்கும். பழைய கேமராக்கள் தாங்கும். இன்றைய கேமராவின் தலையில் நேராக மாட்டினால் உள்ளே கருகிவிடும். அதனால்தான் நடுவில் கம்பியில்லாமல் ஃப்ளாஷை இயக்கும் ஒரு சின்ன ரேடியோ பெட்டி வைத்து, தூரத்தில் நிறுத்தி அடிப்பேன். மறந்துவிடக் கூடாதென்று அடியில் சிவப்பு டேப்பும் ஒட்டியிருந்தேன்.

"இந்தக் கிழத்தைக் கொஞ்சம் எடுத்துக்கறேன்," என்று ரேடியோ பெட்டியிலிருந்து கழற்றினான்.

"என் சாமானைத் தொடாதீங்க."

"ஆறு மாசமா இதைத்தானே சொல்றீங்க! பேனாவைத் தொடாதே, நாற்காலியைத் தொடாதே, டீ கப்பைத் தொடாதே!"

பிள்ளைகள் சிரித்தார்கள். கருகிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மாட்டினான். அழுத்தினான். ஒரே ஒரு வெளிச்சம். பிறகு கேமரா செத்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினான், லென்ஸைக் கழற்றி மாட்டினான். அசையவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

துணைத் தலைமையாசிரியை சானோ கடிகாரத்தைப் பார்த்தார். "தோகாவா-சான், நீங்க எடுத்துடுங்க."

ஃப்ளாஷைக் கேட்டு வாங்கி, பெட்டியில் மாட்டி, மூன்று படம் எடுத்தேன். கடைசி வரிசைப் பையனின் கண்ணிமை வரை தெளிவு.

உகாய் பக்கத்தில் வந்தான். "அடியில எத்தனை வோல்ட்?"

"இருநூத்தி முப்பத்தெட்டு."

"தெரிஞ்சேவா விட்டீங்க?"

"தொடாதீங்கன்னு சொன்னேனே."

அவன் நேராக சானோவிடம் போய் இடுப்பு வளையக் குனிந்தான். "தப்பு என்னோடது. தோகாவா-சான் முன்னாடியே எச்சரிச்சாங்க. நான்தான் கேக்கல. பிள்ளைங்களைக் காக்க வச்சுட்டேன், மன்னிக்கணும்."

சானோ என்னிடம் வந்தார். "ஏப்ரல்லேயும் நீங்களே வாங்க. கூட வேலை செய்யறவர் கேமரா மேலயும் எவ்வளவு அக்கறை உங்களுக்கு!"

நானும் குனிந்து நன்றி சொன்னேன். வேறென்ன செய்ய? அவன் அங்கேயே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அதற்காக மட்டும் அவனை நான் மன்னிக்கவே மாட்டேன்.