வாசல் வரை

"உங்கள் வாசல் வரை ஃபைபர்" என்ற வாசகத்தை எழுதியவள் பெரியவள்தான்.

இணைய இணைப்பு விற்கும் கம்பெனியில் விளம்பரம் எழுதுவது அவள் வேலை. கம்பெனியின் ஃபைபர் கேபிள் தெருமுனையில் நிற்கும் சாம்பல் நிறப் பெட்டியோடு முடிந்துவிடும். அங்கிருந்து வீடுகளுக்குள் போவது பழைய செம்புக் கம்பி. பொய்யும் சொல்லக்கூடாது, செம்பு என்ற பேச்சும் எழக்கூடாது, அப்படி ஒரு வாசகம் வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். எழுதிக் கொடுத்தாள்.

"எந்த வாசல்னு எவனாவது கேட்டா?"

"தெருவுக்கும் வாசல் உண்டுதானே சார்?"

மேனேஜர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு அன்று முழுக்க இனித்தது.

அவள் தங்கை சின்னவள், காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழியில் பாடம் நடத்துகிறவள். வீட்டிலிருந்தபடியே வீடியோவில் வகுப்பு எடுக்கும் வேலை கிடைத்து, புது வீட்டுக்கு இணைப்பு தேடிக்கொண்டிருந்தபோது போன் செய்தாள்.

"அக்கா, உங்க கம்பெனி விளம்பரம் பார்த்தேன். வாசல் வரை ஃபைபராமே! யாரு எழுதுனாங்களோ, படிச்சதும் பச்சக்குனு மனசுல ஒட்டிக்குது."

"நான்தான்டி."

"நீயா! அப்போ கண்ணை மூடிக்கிட்டு இதையே போட்டுடலாம்."

அந்த இடத்தில் ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. வேண்டாம், உன் வேலைக்கு இது சரிப்படாது என்று சொல்லியிருக்கலாம். ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. எதையும் லேசில் பாராட்டாத தங்கை பாராட்டினாள், அதை அந்த நொடியே தன் வாயால் கலைக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான். அப்படிச் சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளும்போதெல்லாம் அந்த 'அவ்வளவு' கொஞ்சம் பெருத்துக்கொண்டே போனது.

வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தே சின்னவளின் படம் அடிக்கடி உறைந்தது. பிள்ளைகளின் படம் இங்கே வருவதில் குறையில்லை, இங்கிருந்து போவதில்தான் கோளாறு. விளம்பரத்தில், வீட்டுக்குள் வரும் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், வீட்டிலிருந்து அனுப்பும் வேகத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. மற்ற ஆசிரியர்களுக்குப் படம் நின்றாலும் குரலாவது கேட்கும். சின்னவளுக்குக் கைதான் குரல். கை பாதியில் நின்றால் சொல்லும் பாதியில் நின்றது. திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள்.

இன்று மாலை வகுப்பைப் பள்ளித் தலைமையாசிரியை உட்கார்ந்து பார்க்கப் போகிறார். இன்றும் படம் அறுந்தால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் சின்னவள் லைன்மேனை வரவழைத்திருந்தாள். கூடவே அக்காவையும். "நீ கம்பெனி ஆளு. உன்னைப் பார்த்தா கொஞ்சம் ஒழுங்கா வேலை செய்வாங்க."

லைன்மேன் மோடத்தை அணைத்துப் போட்டார். ஒயரை இழுத்துப் பார்த்தார். மறுபடி அணைத்துப் போட்டார்.

"எங்க லைன் சுத்தமா இருக்கு மேடம். உங்க வீட்டு ஒயரிங்தான் பழசு. சுவத்தை உடைச்சு மாத்துனா சரியாயிடும்."

"அதெப்படிங்க? ஃபைபர் வாசல் வரைக்கும் வருதே. அதை எழுதுனதே என் அக்காதான். இதோ நிக்கிறா, கேளுங்க."

அவர் பெரியவளைப் பார்த்தார். ஒரே இடத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளும் பார்வை. "நீங்கதானா மேடம் அது? நல்லா எழுதியிருக்கீங்க. போற வீட்டுலயெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டுறாங்க."

சின்னவள் சிரித்தேவிட்டாள். "பார்த்தியா, நீ பெரிய ஆளுதான்." பிறகு சுவரைத் தடவினாள். "வீட்டுக்காரர்கிட்ட என்னன்னு சொல்லி இதை உடைக்கிறது? என் ராசி அப்படி. தப்பு என் வீட்டுலதான்னு பள்ளிக்கூடத்துல சொல்லிடறேன், வேற என்ன பண்ண?"

அவள் சண்டை போட்டிருந்தால் பெரியவள் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். சுவரைத் தடவிய அந்தக் கையைத்தான் பார்க்க முடியவில்லை.

"சுவத்தை உடைக்காதேடி."

"ஏன்?"

"ஒயரிங்ல ஒண்ணுமில்லை. ஃபைபர் தெருமுனைப் பெட்டியோட நின்னுடுது. அங்கேருந்து இங்க வரைக்கும் காப்பர்தான். உன் வீடு பெட்டியிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கு. என்ன பண்ணினாலும் இப்படித்தான் இருக்கும்."

லைன்மேன் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "நான் ஒண்ணும் சொல்லலை," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

"உனக்கு இது எப்போ தெரியும்?" என்றாள் சின்னவள்.

"எழுதும்போதே."

"நான் போன் பண்ணினப்போ?"

"அப்பவும்."

சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கோபப்படக்கூட அவளுக்கு நேரம் இல்லை.

"உன் வீட்டுல எது?"

"ஃபைபர்." என்றாள் பெரியவள். "நிஜமாவே. ஹாலுக்குள்ள. ஸ்டாஃப் வீட்டுக்கு மட்டும் இழுத்துத் தருவாங்க."

"அதானே!"

லேப்டாப்பைப் பைக்குள் திணித்தாள். பெரியவள் பையை வாங்கக் கையை நீட்டினாள். சின்னவள் கொடுக்கவில்லை.

அக்கா வீட்டு ஹாலில் சின்னவள் யாரையும் கேட்காமல் சோபாவை நகர்த்தினாள், சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினாள். வெற்றுச் சுவரின் முன், கைகள் எடுப்பாகத் தெரிவதற்காக எப்போதும் போடும் கறுப்புச் சட்டையில் நின்றாள். "உள்ளே போயிடு," என்றாள்.

பெரியவள் சமையலறையில் உட்கார்ந்தாள். ஒரு டம்ளரை ஓசை வராமல் வைத்தாள். அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்காது என்று தெரிந்தும், அடுத்ததையும் அப்படியே வைத்தாள். கதவிடுக்கில் தங்கையின் கைகள் தெரிந்தன. எங்கும் நிற்காமல், ஒன்றிலிருந்து ஒன்றாக ஓடின. அவளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. தங்கை பாடம் நடத்தி அவள் பார்த்ததே இல்லை.

முடிந்ததும் சின்னவள் வந்து தண்ணீர் குடித்தாள். "என்னையே தொடர்ந்து எடுக்கச் சொல்லிட்டாங்க."

"நான் மேனேஜர்கிட்ட பேசி அந்த வாசகத்தை..."

"அதை நீ என்னமோ பண்ணிக்கோ. எங்கிட்ட சொல்லாதே." கையை நீட்டினாள். "வகுப்பு தினமும் இருக்கு. நீ ஆபீஸ்ல இருப்பே. சாவி குடு."

இனி இவள் தினமும் வருவாள் என்று நினைத்ததும் பெரியவளுக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம் எழுந்தது. அது எழுந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே கூசியது. சாவியைக் கொடுத்தாள்.

சின்னவள் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "எந்தப் பக்கம் திருப்பணும்?"

"வலது பக்கம். ஆனா முன்னாடியே சொல்லிடறேன், பாதியில சிக்கிக்கும், சில நாள் திறக்கவே திறக்காது. கதவை உன் பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கோ."