மேலே எல்லோரும் நீதான்

சூப் வரிசையில் முன்னால் நின்ற வெள்ளைத்தாடிக்காரரின் முதுகில் தட்டி, “கொஞ்சம் தள்ளி நில்லேன்ப்பா, உன் பூட்ஸ் என் காலை நசுக்குது” என்றான் என் கணவன் வோல்ஃப்ராம். தாடிக்காரர் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார். கிராட்ஸில் கோட்டும் டையுமாக வக்கீல் தொழில் பார்க்கிறவன், பக்கத்து வீட்டுக்காரரைக்கூட இன்றுவரை ‘நீங்கள்’ என்றுதான் அழைக்கிறான். ஆனால் டிரோல் மலையில், மரங்கள் நின்றுபோகும் உயரத்தைத் தாண்டிவிட்டால், எங்கள் ஆஸ்திரிய ஆட்களுக்கு ‘நீங்கள்’ கிடையாது. நீதிபதியும் நீ, கசாப்புக்கடைக்காரரும் நீ. அதற்காகவே இவன் வருஷாவருஷம் பனிச்சறுக்குக்கு வருகிறானோ என்று எனக்குச் சந்தேகம். கேபிள் காரிலிருந்து இறங்கியதும் கண்ணில் படுகிற ஆளையெல்லாம் நீ, வா, போ என்று ஒருமையில் வெளுத்துக்கட்டுவான். எனக்கு அந்த வோல்ஃப்ராமைத்தான் பிடிக்கும்.

மலைவிடுதியில் சாப்பாட்டு நேரக் கூட்டம். ஜன்னலோர பெஞ்சில் நான் இடம் பிடித்து வைத்திருந்தேன். பச்சை ஜாக்கெட் போட்ட ஒருத்தி தலைக்கவசத்தைக் கழற்றியபடி வந்து நின்றாள்.

“உன் பக்கத்துல இடம் இருக்கா?”

“உக்காரு. என் புருஷன் வருவான். நெருக்கி உக்காந்துக்கலாம், அவன் ஒண்ணும் அவ்வளவு குண்டு இல்ல.”

வாய்விட்டுச் சிரித்தாள். கையுறையைக் கழற்றி என் ரொட்டியிலேயே ஒரு துண்டு பிய்த்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

வோல்ஃப்ராம் இரண்டு கிண்ணங்களோடு வந்தான். அவளைப் பார்த்தான்.

“மன்னிக்கணும். உங்களுக்கு இடைஞ்சலா இல்லையே?”

“இல்ல, நீங்க உக்காருங்க” என்றாள், என்னை ‘நீ’ என்றவள்.

தட்டோடு போய்க்கொண்டிருந்த விடுதிக்கார வின்சென்ஸ் நின்றுவிட்டான். “என்ன வோல்ஃப்ராம், காலையில போலீஸ்காரனையே போடான்னு சொன்ன. இவ மட்டும் என்ன மகாராணியா? மேல வந்து ‘நீங்க’ போட்டா அபராதம் உண்டு, தெரியும்ல?”

பழச்சாராயம் இரண்டு சின்னக் கோப்பைகளில் வந்தது. “பேரைச் சொல்லிக் குடிங்க. அப்புறம் ‘நீ’ன்னு கூப்பிடுங்க. அவ்வளவுதான் தண்டனை.”

“நான் வோல்ஃப்ராம்” என்றான், கோப்பையிடம்.

“நான் ஹென்ரீக்க.”

குடித்தார்கள். ‘நீ’ மட்டும் இரண்டு பேர் வாயிலிருந்தும் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள். மலைமேல் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இவ்வளவு ஜாக்கிரதையாக யாரும் பேசமாட்டார்கள். இவனோ அப்படிப் பேசவே மாட்டான். ‘நீ’ என்று சொன்னால், அவளிடம் தனியாக எப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகினானோ அந்தக் குரலிலேயே வந்துவிடும் என்று பயந்திருக்கிறான். அந்த ஒரு சொல்லைத் தாண்டி வர முடியாமல் அவன் காது சிவந்துபோயிருந்தது. இவனோடு இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறேன், எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

“சூப் ஆறுது” என்றான் என்னிடம்.

“உப்பு கம்மி” என்றேன். நான் இன்னும் ஒரு வாய்கூட வைத்திருக்கவில்லை.

பாதிக் கிண்ணத்தில் எழுந்துவிட்டேன். “கால் மரத்துப்போச்சு. நான் முன்னால இறங்குறேன். நீ மெதுவா வா.” அவன் தடுக்கவில்லை. அவள் எனக்கு வழிவிட எழுந்து நின்றாள்.

முதல் வளைவு வரைக்கும்தான் போக முடிந்தது. சறுக்குக் கட்டைகளைக் குறுக்கே திருப்பி நின்றேன். நல்ல மூடுபனி. நான் கீழே போய்ச் சேர்ந்திருப்பேன் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். காற்று ஒருமுறை திரும்பியபோது மேலே விடுதி வாசல் தெரிந்தது. பனியில் மண்டியிட்டு வோல்ஃப்ராம் அவளுடைய பூட்ஸின் கொக்கியை இறுக்கிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடிப்பதுபோல அவன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, எதிர் மலையை வேடிக்கை பார்த்தபடி நின்றாள்.