மீரானின் ரத்தத்தில் பழைய டைஃபாய்டு

நாகூர் மீரானுக்கு ஒரே நாள் காய்ச்சல். மழையில் நனைந்ததால் வந்தது, மறுநாளே போயும்விட்டது. அதற்குள் லேபில் ரத்தம் கொடுத்துத் தொலைத்துவிட்டார். டைஃபாய்டு டெஸ்ட் பாசிட்டிவ்.

மனைவி சைனப் உடனே கஞ்சி காய்ச்சினாள். அதோடு விட்டாளா? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், "அவுகளுக்கு டைஃபாய்டு, எல்லாரும் துஆ செய்யிங்க" என்று அழுகைக் குரலில் பேசி அனுப்பினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்பூர் ஹாலில் அண்ணன் அப்துல் ஹாதி மகனுடைய கல்யாண வலிமா விருந்து. அண்ணனும் தம்பியும் தாராவியில் சேர்ந்து நடத்திய பை தைக்கும் பட்டறையில், போர்டில் யார் பெயர் மேலே என்று சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அழைப்பு வந்ததே அதிசயம். போகாவிட்டால் வீம்புக்கு வரவில்லை என்றுதான் ஹாதி நினைப்பார். அப்புறம் இந்த ஜென்மத்தில் ஒட்டாது.

மீரான் டாக்டர் விஜயராணியிடம் ஓடினார்.

"முன்னாடி டைஃபாய்டு வந்திருக்கா?"

"பட்டறையில இருந்தப்ப வந்துச்சு டாக்டர். கொழாய்த் தண்ணியில சாக்கடை கலந்து."

"அப்ப அந்தக் கிருமியோட சண்டை போட்ட ஆன்டிபாடி இன்னும் ரத்தத்துல சுத்திட்டிருக்கலாம். டெஸ்ட் அதைப் பாத்துதான் பாசிட்டிவ்னு சொல்லியிருக்கும். கிருமி வளருதான்னு பாக்க கல்ச்சருக்கும் ரத்தம் குடுங்க. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு டெஸ்ட். புது டைஃபாய்டுன்னா ஆன்டிபாடி ஏறும்."

ஒரு வாரம் முழுக்கக் கஞ்சி. ஞாயிறு காலை ரிப்போர்ட் வந்தது. ஆன்டிபாடி ஏறவில்லை, கல்ச்சரில் கிருமியும் இல்லை. மீரான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

ஹாலில் நெய்ச்சோறும் களறிக்கறியும் மணத்தன. பெரிய சஹன் தட்டைச் சுற்றி மூன்று பேராக உட்கார்ந்து, ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். மீரான் உட்கார்ந்ததும் இடப்பக்கத்துக்காரருக்குத் திடீரென்று போன் வந்தது. வலப்பக்கத்து மச்சானுக்கு வாசலில் விட்ட செருப்பு ஞாபகம் வந்தது.

"நெகட்டிவ்வு வே! அது பழைய ஆன்டிபாடி வே!" என்று ரிப்போர்ட்டை ஆட்டினார். யாரும் திரும்பவில்லை. வாரமெல்லாம் ஏங்கிய கறி எதிரே இருந்தும் கை போகவில்லை. அவமானத்தில் முகம் எரிந்தது.

வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்த ஹாதி இதைப் பார்த்தார். நேரே வந்தார், சட்டைக் கையை மடித்துவிட்டு எதிரே உட்கார்ந்து தட்டில் கைவைத்தார்.

"காக்கா, எனக்கு ஒண்ணுமில்ல, ரிப்போர்ட்டு..." என்று அண்ணனிடமும் அதை நீட்டினார்.

"அத உள்ள வைலே. அன்னைக்குப் பட்டறையில நீ காய்ச்சல்ல கெடந்தப்ப, ஒன் மிச்சக் கஞ்சியக் குடிச்சவன் நான். எனக்கும்தான வந்துச்சு."

சொல்லிக்கொண்டே, தட்டில் இருப்பதிலேயே பெரிய கறித்துண்டைத் தன் பக்கம் இழுத்தார். மீரானுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் துண்டின் மறுமுனையை எட்டிப் பிடித்துக்கொண்டு அவர் விடவில்லை.