மூன்றுக்கு நான்கு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நானாகத் தேடிப் பிடித்த கதை அல்ல. மயிலாப்பூரில் நான் தமிழ் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் ஆனி டீச்சர், 1973 பிப்ரவரியில் ஒரு மதியம், டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு எழுதச் சொன்ன கதை. ஆசிரியர் அறையில் எனக்கு எழுத்தாளன் என்று பெயர். பெயர் மட்டும்தான்.

ஆனியின் கணவர் ஹென்றி முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் வேலை செய்கிறவர். ஆனியின் தம்பி பிலிப் அவருக்கு ஜோடி. ஆறு மாதத்துக்கு முன் இருவரும் ஒன்றாக இறங்கினார்கள். ஹென்றி மட்டும் உயிரோடு மேலே வந்தார். பிலிப்பை மறுநாள் எடுத்தார்கள். பிலிப்பின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கியதுவரை ஹென்றி சொல்லியிருக்கிறார்.

“தம்பி கையை நீங்க விட்டீங்களா, அவனா உதறினானா?” என்று ஆனி கணவரைக் கேட்டிருக்கிறார். “தெரியல” என்றாராம் ஹென்றி. அழுது கேட்டபோதும், மாதாவின் படத்துக்கு முன்னால் நிறுத்திக் கேட்டபோதும் அதே “தெரியல”தான். விட்டவன்தான் இப்படி மழுப்புவான் என்று ஆனி சாந்தோம் வீட்டை விட்டு அடையாறில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்.

“நீங்க எழுதுங்க சார். எழுதறப்போ என்ன நடந்திருக்கும்னு உங்களுக்குத் தோணும். அதைப் படிச்சிட்டு, சாந்தோம் திரும்பப் போறதா வேணாமான்னு நான் முடிவு பண்றேன்.”

என் கதையை நம்பி ஒரு குடித்தனமா? இருந்தாலும் சரியென்றேன். ஆசை வெட்கமறியாது என்பது எழுதுகிறவனைப் பார்த்துச் சொன்னதுதான்.

2

நீலக்கடல் அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தது. ஹென்றி தன் —

அடித்துவிட்டேன். நம் கடல் நீலமுமில்லை, உறங்குவதுமில்லை.

மரணம் என்பது —

இது பள்ளி ஆண்டுமலருக்கு ஆகும்.

2 (மறுபடியும்)

கரையே தெரியாத தூரத்தில் பார்ஜ் என்கிற தட்டையான சரக்குப் படகு ஒன்று மூழ்கிக் கிடந்தது. நூற்று முப்பது அடி ஆழம். அதன் வளையத்தில் இரும்புக் கயிற்றின் கொக்கியை மாட்டிவிட்டு வர வேண்டும். காலை பத்து மணி.

(இங்கே ஒரு விளக்கம், கதைக்கு இடைஞ்சல்தான். சிலிண்டரில் இருப்பது நீங்களும் நானும் சுவாசிக்கும் காற்றேதான். ஆனால் நூறு அடிக்குக் கீழே, அழுத்தத்தில், அதிலுள்ள நைட்ரஜன் சாராயத்தின் வேலையைச் செய்யும். குடித்தவனுக்காவது குடித்தது ஞாபகமிருக்கும். இவனுக்கு அதுவும் இருக்காது. சில அடிகள் மேலே ஏறினால் தெளிந்துவிடும். ஏற வேண்டும் என்று தோன்றுவதுதான் கஷ்டம்.)

அந்த மயக்கத்தைக் கண்டுபிடிக்க, கொச்சியில் கடற்படையில் இருந்தபோது ஹென்றி ஒரு சோதனை கற்றிருந்தார். ஒருவர் சில விரல்களைக் காட்ட வேண்டும். மற்றவர் ஒன்று கூட்டிக் காட்ட வேண்டும். தப்பாகக் காட்டினால் இருவரும் உடனே மேலே. ஹென்றி சிலுவை போட்டுவிட்டு இறங்குகிறவர். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று அவர் விரல்கள் தாமாக மூன்றில் நிற்கும். பிலிப் நான்கு காட்டுவான்.

“சும்மா கை காட்டிக்கினே இருக்காத மாமா, வேலையப் பாப்போம்” என்று அன்றும் படகில் சிரித்தானாம்.

3

அடியில் கலங்கல். கை நீட்டும் தூரம்தான் தெரிந்தது. ஹென்றி மூன்று காட்டினார். பிலிப் நான்கு காட்டினான். சரி.

ஹென்றிக்கு ரொம்ப நன்றாக இருந்தது. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வருகிற பையனைப் போல உடம்பு லேசாக இருந்தது. பிலிப் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தான். வளையம் இடது பக்கம் இருந்தது. அவன் வலது பக்கம், ஒன்றுமில்லாத தண்ணீரில், பொறுமையாக மாட்டிக்கொண்டிருந்தான். ஹென்றிக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எதற்கும் இருக்கட்டுமென்று மறுபடி மூன்று காட்டினார். நான்கு வந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக மூன்றைத் தவிர வேறெதுவும் காட்டியதில்லை. இவன் எண்ணவே இல்லை. இவன் கை பதில் சொல்கிறது.

இரண்டு விரல் காட்டினார்.

பிலிப் நான்கு காட்டினான்.

ஹென்றிக்குப் பயம் வந்தது. நல்ல பயம், பிழைக்க வைக்கிற பயம். ஆனால் தன் கையைப் பார்த்தார். இரண்டா காட்டினோம்? மூன்றா? விரல்களை எண்ணினார், எண்ணி முடிப்பதற்குள் எங்கே தொடங்கினோம் என்பது மறந்தது. யாருக்குப் போதை ஏறியிருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான் என்பது மட்டும் மிச்சமிருந்தது. பிலிப்பின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிக் காலை உதைத்தார்.

எண்பது அடியில் புத்தி தெளிந்தபோது கையில் யாரும் இல்லை. திரும்ப இறங்கினார். காற்று தீரும் மட்டும் அந்தக் கலங்கலில் துழாவினார்.

4 (முதல் முடிவு)

கொக்கியை மாட்டாமல் வர பிலிப்புக்கு மனமில்லை. சிரித்துக்கொண்டே கையை உதறினான்.

4 (இரண்டாம் முடிவு)

ஹென்றியின் விரல்கள் தளர்ந்தன. எதையோ பிடித்திருந்தோமே என்று கூட —

இரண்டும் நன்றாக வருகின்றன. அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

4க்கு ஒரு சேர்க்கை

ஹென்றியை நான் சந்தேகித்தேன். துப்பறியும் ஆசையில் தி. நகரில் அவர் வேலை பார்த்த கம்பெனியின் ஆபீசுக்கே போனேன். மானேஜர் ஸ்ரீரங்கன் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுக் குறைப்பட்டுக்கொண்டார்.

“அவனே உதறிண்டு போயிட்டான்னு ஒரு வரி எழுதிக் கொடுமய்யா, விசாரணை முடிஞ்சுடும்னு நான் அவர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மாட்டேன்னுட்டார். எனக்குத் தெரியாதுன்னே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு வேலை போச்சு.”

5

எல்லாக் காகிதங்களையும் ஆனியிடம் கொடுத்தேன். ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்து படித்தார். முடிவுகளை இரண்டு தரம் படித்தார்.

“இதுல எது சார்?”

“தெரியல டீச்சர்.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய பதில் என்று எனக்கே உறைத்தது. ஆனி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஸ்ரீரங்கன் பேசிய பக்கத்துக்குத் திரும்பிப் போனார். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

“உதறிட்டான்னு சொல்லியிருந்தா அன்னிக்கே நம்பியிருப்பேனே” என்றார். “அது அவருக்குத் தெரியாதா?”

அந்த ஒரு பக்கத்தை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தார். லஸ் முனையில் சாந்தோம் பஸ் ஏறினாரா, அடையாறு பஸ் ஏறினாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. மறுநாள் கேட்கவுமில்லை.

6

இரண்டு முடிவுகளும் என் மேசையில்தான் இருக்கின்றன. இதுதான் நிஜம் என்று எதையாவது சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணிவிடுவேன். என் தொழில் அப்படி. உங்களுக்கு முடிவு இல்லாமல் தூக்கம் வராதென்றால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனியிடம் மட்டும் காட்டவேண்டாம்.