மேட்டு ஜோடியின் குஞ்சு

கடைசிப் படகு கிளம்பியதும் ரோனா படகுத்துறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அறுபது பேர். அத்தனை பேர் பையையும் எலி இருக்கிறதா என்று துழாவி, செருப்பில் ஒட்டிய விதையைத் துடைத்து, ஒரே கதையை மூன்று தடவை சொல்லி முடித்ததில் வாய் வறண்டுவிட்டது. பறவைகளுக்கான இந்தத் தீவுப் பூங்காவில் பத்தொன்பது வருஷமாக இதே பிழைப்பு.

போதாததற்கு இன்றைக்கு டட்லி வேறு வந்துபோனார். தீவு அரசாங்கத்தின் கைக்குப் போகும்முன் மூன்று தலைமுறையாக இங்கே ஆடு வளர்த்த குடும்பத்தின் கடைசி ஆள். எண்பத்திரண்டு வயது. வருஷத்துக்கு ஒருமுறை வருவார், குறை சொல்லவே வருவார்.

"ஏம்மா, எங்கப்பா பார்த்துப் பார்த்து வளர்த்த மேய்ச்சலா இது? ஆள் மறையற அளவுக்கு முள்ளு மண்டிக் கிடக்கு. சம்பளத்தை மட்டும் தவறாம வாங்கிடுறீங்க."

"இப்ப இது பறவைக்குப் பெரியவரே, ஆட்டுக்கு இல்ல."

"பெரிய பறவை. மூணு கிலோ கோழி, பறக்கத் துப்பில்ல. அதுக்கு ஒரு தீவு."

அவர் கோழி என்றது தக்காஹே. நீல இறகு, சிவப்பு மூக்கு. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். மேட்டில் இருக்கும் ஜோடிக்கு நாலு வருஷமாக எல்லாம் கூமுட்டை. இந்தத் தடவையும் குஞ்சு நிற்காவிட்டால் ஜோடியை வேறு தீவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பன்னிரண்டு நாளைக்கு முன்புதான் கறுப்பாக ஒரே ஒரு குஞ்சு பொரிந்திருந்தது. ரோனா அதைக் காட்டியபோது கிழவர் வாயை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தார். அவளுக்கே ஆச்சரியம்தான்.

மறுநாள் விடிந்ததும் மேட்டுக்கு ஏறினாள். தாயும் தகப்பனும் பழைய ஆட்டு வேலியை ஒட்டி மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. தாயின் மூக்கில் மென்ற புல். அதை வலைக்கம்பிக்குள் நீட்டி நீட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் குஞ்சு காலை நீட்டி விறைத்துக் கிடந்தது.

பறவைகள் ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போய்வரட்டும் என்று அவள் திறந்து கட்டிவைத்திருந்த கேட் சாத்தியிருந்தது. சங்கிலி மாட்டி, கம்பியை வேறு இரண்டு சுற்று முறுக்கியிருந்தது. சும்மா பார்க்க வந்த எவனுக்கும் அவ்வளவு அக்கறை கிடையாது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு இறங்கிப் போய் போனை எடுத்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார் டட்லி. "நேத்து இறங்கி வரும்போது அந்தக் கேட்டை நான்தான் சாத்தினேன். ஆன்னு தொறந்து கிடந்துச்சு. எங்கப்பாவா இருந்தா தோலை உரிச்சிருப்பாரு. குஞ்சு எங்கயும் ஓடிடக் கூடாதுல்ல."

வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வசவில் ஒன்றுகூட வரவில்லை.

"குஞ்சு ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் மாட்டிக்கிச்சு," என்றாள். "ராத்திரிக் குளிர்ல செத்துப்போச்சு."



"தாய் கத்துதா?"

"கத்துது."

"மூணு நாள் கத்தும்மா. குட்டியைப் பிரிச்சா எங்க ஆடுங்களும் அப்படித்தான். ஜன்னலைச் சாத்திக்க. சாத்தினாலும் தூக்கம் வராது."

ரோனா போனோடு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"அடுத்த வருஷம் நான் வரலம்மா," என்றார்.

'அப்படியெல்லாம் சொல்லாதீங்க, வாங்க' என்று சொல்ல வேண்டிய இடம் அது. ரோனாவுக்கும் தெரிந்தது. நாக்கு எழவில்லை. கிழவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனை வைத்தார்.